மின்மாற்றிக்குக் காவற்கருவி வாங்குதல்

ஊர் எல்லையிலே கம்பிவேலி சூழ்ந்து நிற்கும் துணைமின் நிலையத்தைக் கடந்து போகிறவர்கள், சாம்பல் நிறப் பெயின்ட் பூசிய பெரிய இரும்புத் தொட்டியையும், அதன் இரு பக்கங்களிலும் வரிசையாக நிற்கும் ரேடியேட்டர்த் தகடுகளையும், உச்சியிலே படுத்த வாக்கில் அமைந்த உருளைக் கலத்தையும் கண்டு, அதிலிருந்து ஓயாமல் எழும் ரீங்காரத்தையும் கேட்டிருப்பார்கள். அந்தத் தொட்டிக்குள்ளே காகிதம் சுற்றிய செப்புச் சுருள்கள் பல்லாயிரம் லிட்டர் கனிம எண்ணெயில் மூழ்கிக் கிடக்கின்றன என்பதும், மின்சாரம் தாவிவிடாமல் தடுப்பதும் உஷ்ணத்தை வெளியே கொண்டுவந்து சேர்ப்பதுமாகிய இரண்டு காரியங்களையும் அந்த எண்ணெயே செய்து வருகிறது என்பதும், அதே எண்ணெய் ஒருமுறை தீப்பற்றிக்கொண்டால் அணைப்பது எளிதன்று என்பதும் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிவதில்லை.

கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள நூற்பாலைகளும் வார்ப்படச் சாலைகளும், 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் மலையிலிருந்து இறங்கி வந்த நாள் முதலாக, இத்தகைய மின்மாற்றிகளை நம்பியே இயங்கி வருகின்றன. பெரிய ஆலையொன்று தனக்கென வைத்துக்கொள்ளும் மின்மாற்றியின் கிரயம் பல இலட்சங்களில் தொடங்கிக் கோடிகளுக்குச் செல்கிறது. அது பழுதானால் மறுநாளே கடைக்குப் போய் வேறொன்று வாங்கி வந்துவிட இயலாது. செய்து முடித்து, பரிசோதித்து, வண்டியேற்றி அனுப்ப மாதக்கணக்கும், மிகப் பெரியவற்றுக்கு ஆண்டுக்கணக்கும் ஆகிவிடும். இத்தனை மதிப்புள்ள யந்திரத்தின் ஆயுளைக் காப்பவை, அதன் மேலும் பக்கத்திலும் பொருத்தப்பட்டுள்ள சில சிறிய கருவிகளே. புக்கோல்ஸ் ரிலே, எண்ணெய் மட்டங் காட்டி, உஷ்ணமானிகள், அழுத்தம் விடுவிக்கும் வால்வு, சிலிக்கா ஜெல் அடைத்த பிரீதர் ஆகிய இவற்றில் பலவற்றின் விலை சில ஆயிரங்களைத் தாண்டுவதில்லை. ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, என்றோ ஒருநாள் ஒரேயொரு கணத்தில் தவறாமல் இயங்குவதே இவற்றிற் பலவற்றின் கடமையாதலால், வாங்குகிற அன்று நல்ல கருவியும் கெட்ட கருவியும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். விலைப்பட்டியலின் கடைசி வரியை மட்டும் ஒப்பிட்டு இவற்றை வாங்குவது பெரும் அபாயம் என்று நான் உறுதியாகக் கருதுவதற்கு இதுவே காரணம்.

முதலில் உச்சியிலுள்ள உருளைக் கலத்தைக் கவனிப்போம். கன்சர்வேட்டர் என்று வழங்கும் அந்தக் கலம் எதற்காக என்றால், எண்ணெய் சூடேறும்பொழுது விரிகிறது. பதினாயிரம் லிட்டர் எண்ணெய் ஐம்பது டிகிரி உஷ்ணம் ஏறினால் ஏறக்குறைய 350 முதல் 400 லிட்டர் அளவுக்குப் பெருகிவிடும். அந்தப் பெருக்கம் தங்குவதற்கு இடம் வேண்டும். எண்ணெய் ஏறி இறங்குந்தோறும் கலத்துக்குள் காற்றும் போய் வருகிறது. அந்தக் காற்றோடு ஈரம் புகாமல் தடுப்பது பிரீதரிலுள்ள சிலிக்கா ஜெல். நீல நிறமாக இருக்கும் ஜெல், ஈரத்தை உண்ட பிறகு இளஞ்சிவப்பாக மாறுவதை யாரும் கண்டிருக்கலாம். நீலத்தைத் தருகிற கோபால்ட் குளோரைடு புற்றுநோய்க்கு ஏதுவாகும் பொருள்களின் வரிசையில் ஐரோப்பாவில் சேர்க்கப்பட்டபின், ஆரஞ்சு நிற ஜெல்லும் புழக்கத்துக்கு வந்திருக்கிறது. வாங்கும்போது எண்ணெயின் மொத்த அளவுக்கு ஏற்ற எடை ஜெல் அதில் அடங்குமா என்பதையும், அடிப்பாகத்தில் எண்ணெய் ஊற்றும் கிண்ணம் இருக்கிறதா என்பதையும் கேட்டாற் போதும். வெளிக்காற்று நேராக ஜெல்லைத் தொடாமல் இடையே நின்று தடுப்பது அந்தக் கிண்ணத்து எண்ணெய்தான். அது வற்றிக் கிடந்தால் எத்தனை கிலோ ஜெல் வாங்கிப் போட்டாலும் சில வாரங்களில் நிறம் மாறிவிடும்.

தொட்டியையும் கன்சர்வேட்டரையும் இணைக்கும் குழாயின் நடுவே ஒரு சிறிய இரும்புப் பெட்டி அமர்ந்திருக்கும். அதன் பக்கத்தில் கோடுகள் இட்ட கண்ணாடிச் சாளரம் உண்டு. இதுவே 1921-ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பொறியியலாளர் மாக்ஸ் புக்கோல்ஸ் கண்டுபிடித்து, இன்றளவும் அவர் பெயராலேயே வழங்கிவரும் ரிலே. அதன் தத்துவம் மிக எளியது. மின்மாற்றிக்குள் எங்கேனும் ஒரு சிறு பொறி தோன்றினாலும், ஓரிடம் அளவுமீறிச் சூடேறினாலும், அங்குள்ள எண்ணெய் சிதைந்து வாயுவாகிறது; அந்த வாயு குமிழிகளாக மேலெழுந்து, கன்சர்வேட்டருக்குப் போகும் வழியில் இப்பெட்டியின் மேற்புறத்தில் சிக்கித் தங்குகிறது; வாயு சேரச் சேர உள்ளே எண்ணெய் மட்டம் தாழ, அதனோடு மேல் மிதவையும் தாழ்ந்து எச்சரிக்கை மணியை ஒலிக்கச் செய்கிறது. பெரும் பழுது நேர்ந்து எண்ணெய் திடீரென்று கன்சர்வேட்டரை நோக்கிப் பாய்ந்தால், விநாடிக்கு ஒரு மீட்டர் என்ற அளவை ஒட்டிய அந்த வேகம் கீழேயுள்ள தடுப்புத் தகட்டைத் தள்ள, மின்மாற்றி அந்தக் கணமே டிரிப் ஆகிவிடுகிறது, அதாவது மின்சாரத்திலிருந்து துண்டிக்கப்படுகிறது. கசிவினால் எண்ணெய் வற்றிப் போனாலும் மேல் மிதவையும் கீழ் மிதவையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ந்து, முதலில் மணியும் பின்னர் துண்டிப்பும் நிகழும். பழுதை உணர்வதற்கு வெளியிலிருந்து யாதொரு சக்தியும் வேண்டாமல், பழுதின் விளைவையே பழுதின் தூதனாக ஆக்கிக்கொண்ட இந்த யுக்தியை நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் எந்த மின்னணுக் கருவியாலும் அகற்ற முடியவில்லை என்பது அந்தக் கண்டுபிடிப்பின் மேன்மைக்கு அத்தாட்சி. நம் நாட்டில் மத்திய மின்சார ஆணையம் 2010-இல் வகுத்த பாதுகாப்பு விதிகளும், 1000 கேவிஏ-வும் அதற்கு மேலும் திறனுள்ள மின்மாற்றிகளுக்கு வாயு அழுத்தத்தால் இயங்கும் இத்தகைய காப்பு இருந்தே ஆகவேண்டும் என்று சொல்லின.

இவ்வளவு எளிய கருவியை வாங்குவதில் என்ன சிரமம் என்று கேட்கலாம். சிரமம் பரிமாணத்தில் தொடங்குகிறது. இந்திய தர நிர்ணயமான ஐஎஸ் 3637-ஐ ஒட்டிச் செய்யப்படும் ரிலேக்கள் 25, 50, 80 மில்லிமீட்டர் என்ற மூன்று குழாய் அளவுகளில் வழக்கமாகக் கிடைக்கின்றன. 1 எம்விஏ, அதாவது 1000 கேவிஏ, வரையில் முதலாவதும், 10 எம்விஏ வரையில் இரண்டாவதும், அதற்கு மேல் மூன்றாவதும் பொதுவாகப் பொருந்தும். ஆனால் குழாய் அளவு ஒன்றாக இருந்தாலும், இரு விளிம்புகளுக்கும் இடையேயுள்ள நீளமும் போல்ட் துளைகளின் வட்டமும் உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் வேறுபடுகின்றன. ‘50 எம்எம் புக்கோல்ஸ் ஒன்று’ என்று மட்டும் எழுதி ஆர்டர் கொடுத்துவிட்டு, விடுமுறை நாளில் ஆலையை நிறுத்தி, எண்ணெயை வடித்து, பழைய ரிலேயைக் கழற்றிய பிறகு புதியது இரண்டு விரற்கடை நீளம் என்று கண்டால், அந்த விடுமுறை வீணாவதோடு, வேண்டாத பலவந்தத்தினால் குழாயும் கெடும். பழைய கருவியின் பெயர்த்தகட்டையும் விளிம்பையும் அளந்து வரைந்து, அந்தப் படத்தை ஆர்டரோடு இணைத்து, விற்பவர் தம் படத்தை அனுப்பி நாம் ஒப்புதல் தந்த பிறகே செய்யச் சொல்வது சரியான முறை.

அளவு பொருந்தினாலும், கருவியின் உள்ளே மிதவையோடு அசையும் ஸ்விட்ச் எத்தகையது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. முற்காலத்தில் கண்ணாடிக் குழலில் அடைத்த பாதரசமே அந்த வேலையைச் செய்தது. பெரிய பம்பு ஓடும் தளத்திலோ, ரயில் தண்டவாளத்தின் அருகிலோ, நில அதிர்ச்சி வரும் பிரதேசத்திலோ, அதிர்வினால் பாதரசம் குலுங்கி, யாதொரு பழுதும் இல்லாதபோதே மின்மாற்றியை நிறுத்திவிடுவதுண்டு. இன்று காந்தத்தால் இயங்கும் ரீட் ஸ்விட்ச்சுகள் கிடைக்கின்றன. புதிதாக வாங்குகிறவர் அவற்றையே கேட்டு வாங்குவது நல்லது.

அதைவிடச் சூட்சுமமான விஷயம் ஒன்று உண்டு. விலைப்பட்டியலில் பொடி எழுத்தில் மறைந்துவிடுவதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். துணைமின் நிலையங்களில் எச்சரிக்கையும் துண்டிப்பும் பாட்டரியிலிருந்து வரும் 110 அல்லது 220 வோல்ட் நேர்திசை மின்சாரத்தால் நடைபெறுகின்றன. மாறுதிசை மின்சாரம் விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுச் செல்வதால், காண்டாக்ட் திறக்கும்போது எழும் பொறி தானாகவே அவிந்துவிடும். நேர்திசை மின்சாரத்துக்கு அத்தகைய இடைவேளை கிடையாது. பொறி நீண்டு நின்று காண்டாக்டையே தீய்த்துவிடும். ஆகவே 240 வோல்ட் மாறுதிசையில் ஐந்து ஆம்பியரைத் துண்டிக்கும் என்று பெருமையாக அச்சிட்ட ஒரு காண்டாக்ட், 220 வோல்ட் நேர்திசையில் அரை ஆம்பியரைக்கூடத் துண்டிக்க இயலாததாக இருக்கலாம். மின்மாற்றியைத் துண்டிக்கும் சுவிட்சை இயக்கும் டிரிப் காயிலை நேராக இந்தச் சிறு காண்டாக்டோடு இணைக்காமல், இடையே ஒரு துணை ரிலேயை வைக்கும் வழக்கம் இதனால் வந்ததே. வாங்கும்போது, ‘நேர்திசையில் எவ்வளவு?’ என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, எழுத்தில் பதில் பெற்றுக்கொள்ள வேண்டும். விடை சொல்லத் தயங்குகிற வியாபாரியிடம், விலை எவ்வளவு குறைவாயினும் வாங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

டேப் சேஞ்சருக்கு வாங்கும் ரிலே மட்டும் தனி ஜாதி. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும் அந்தச் சாதனத்தில், ஒவ்வொரு மாற்றத்திலும் பொறி எழுவதும் கொஞ்சம் வாயு பிறப்பதும் இயல்பான காரியம். ஆதலின் அங்கே வாயுவைக் கண்டு மணியடிக்கும் மேல் மிதவை பொருந்தாது. எண்ணெய் பாயும் வேகத்தை மட்டும் உணர்ந்து துண்டிக்கும் ஆயில் சர்ஜ் ரிலேயே வேண்டும். இரண்டும் தோற்றத்தில் ஒத்திருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வாங்கிவிடும் தவறு நேர்கிறது. அப்படி நேர்ந்தால் மணி ஓயாமல் அடித்து, கேட்டுக் கேட்டுச் சலித்த ஊழியர் ஒருநாள் அந்தக் கம்பியையே கழற்றிவிடுவார்.

இனி உஷ்ணம். எண்ணெய் கெட்டால் வடிகட்டலாம், மாற்றலாம். சுருளின் மேல் சுற்றிய காகிதம் கருகினால் மாற்ற வழியில்லை. மின்மாற்றியின் ஆயுள் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்தக் காகிதத்தின் ஆயுளே. உஷ்ணம் குறிப்பிட்ட சில டிகிரிகள் ஏறுந்தோறும் காகிதம் மூப்படையும் வேகம் இரட்டிக்கிறது என்பதை 1930-இல் மான்ட்சிங்கர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் எடுத்துக் காட்டினார். சர்வதேச மின்தொழில்நுட்பக் குழுவின் கணக்குப்படி, சாதாரணக் காகிதத்துக்குச் சுருளின் மிகச் சூடான புள்ளி 98 டிகிரியில் இருப்பது இயல்பான மூப்பு. 104 டிகிரியில் அது இரு மடங்கு. 110 டிகிரியில் நான்கு மடங்கு. சித்திரை வெயிலில், ஆலையின் எல்லா யந்திரங்களும் ஓடுகிற பிற்பகலில், பன்னிரண்டு டிகிரி என்பது பெரிய ஏற்றமன்று என்பதை நினைத்துப் பார்த்தால், முள் காட்டும் எண் சரியானதாக இருக்கவேண்டியதன் அவசியம் விளங்கும்.

எண்ணெயின் உஷ்ணத்தை அளப்பது சுலபம்: தொட்டியின் மேற்புறத்தில் உள்ள குழிக்குள் ஒரு குமிழை நுழைத்து, அதிலிருந்து மெல்லிய காபிலரிக் குழாயைக் கருவிகளின் இணைப்புகள் வந்து சேரும், கீழேயுள்ள மார்ஷலிங் பாக்ஸ் என்னும் பெட்டி வரை கொண்டுவந்து முள்ளை அசைக்கச் செய்கிறார்கள். சுருளோ உயர் வோல்ட்டேஜில் இருப்பது; அதன்மேல் சாதாரண உஷ்ணமானியைக் கட்டிவிட முடியாது. ஆகையால் ஓர் உபாயம் செய்தார்கள். அதே எண்ணெயில் மூழ்கிய இரண்டாவது உஷ்ணமானிக்கு ஒரு சிறு ஹீட்டர் கம்பியைச் சேர்த்து, சுருளில் ஓடும் மின்னோட்டத்தின் ஒரு சிறு பிரதியைக் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் மூலம் அக்கம்பியில் செலுத்தினார்கள். பளு ஏறினால் கம்பியும் அதற்கேற்பச் சூடேறும். எண்ணெயைவிடச் சுருள் எத்தனை டிகிரி அதிகச் சூட்டில் இருக்குமோ அத்தனை டிகிரியை அது முள்ளோடு கூட்டிக் காட்டும். அந்த வித்தியாசம் ஒவ்வொரு மின்மாற்றிக்கும் தனித்தனியே வேறுபடும்; தொழிற்சாலையில் நடத்திய உஷ்ணப் பரிசோதனை அறிக்கையில் அது எழுதப்பட்டிருக்கும். அந்த எண்ணையும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம்பக்க ஆம்பியரையும் விற்பவருக்குத் தெரிவிக்காமல் ‘வைண்டிங் டெம்பரேச்சர் மீட்டர் ஒன்று’ என்று வாங்கிப் பொருத்தினால், முள் என்னவோ அசையும். அது காட்டும் எண்ணுக்குச் சுருளின் உண்மையான உஷ்ணத்தோடு சம்பந்தம் இராது. பழைய மின்மாற்றிகளின் பரிசோதனை அறிக்கைகளைப் பத்திரமாக வைத்திருக்கும் ஆலைகள் இந்த வகையில் பாக்கியசாலிகள். காபிலரிக் குழாயின் நீளத்தையும் கயிற்றை வைத்தாவது முன்கூட்டியே அளந்துவிட வேண்டும். உள்ளே திரவம் அடைத்து மூடிய அந்தக் குழாயை வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது.

அழுத்தம் விடுவிக்கும் வால்வைப்பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. உள்ளே பெரும் பொறி எழுந்து அழுத்தம் பெருகும்போது, சில மில்லிவிநாடிகளுக்குள் திறந்து, எண்ணெயை வெளியே விட்டு, தொட்டி வெடிக்காமல் காத்து, உடனே மூடிக்கொள்வது அதன் வேலை. தகடு கிழிந்து எண்ணெயெல்லாம் வெளியேறிவிடும் பழைய வெடிப்புக் குழாயின் இடத்தை இது பிடித்துக்கொண்டது. எந்த அழுத்தத்தில் திறக்கும் என்பதைத் தொட்டியைச் செய்தவர் நிர்ணயிக்க வேண்டும். தொட்டி தாங்கும் எல்லைக்கு மேல் திறக்கும் வால்வு இருந்தும் பயனில்லை.

மழையைப்பற்றி ஒரு வார்த்தை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் காரணமின்றி மின்மாற்றி டிரிப் ஆகி, ஓடிப்போய்ப் பார்த்தால் ரிலேயின் டெர்மினல் பெட்டிக்குள் தண்ணீர் தேங்கியிருப்பதைப் பராமரிப்பு வேலையில் இருப்பவர்கள் நன்கு அறிவார்கள். பெட்டியின் காப்புத் தரம் ஐபி 65-க்குக் குறையாமலிருப்பதும், கேபிள் நுழையும் கிளாண்டு கீழ்நோக்கி அமைந்திருப்பதும், மேலே ஒரு சிறு மழைக்கூரை இருப்பதும் அற்பமாகத் தோன்றினாலும், வீண் நிறுத்தங்களில் பலவற்றை அவையே தடுக்கின்றன.

காவற்கருவிகளில் புதிய தலைமுறையைச் சேர்ந்தவை எண்ணெயில் கரைந்த வாயுக்களை இடைவிடாமல் அளப்பவை. புக்கோல்ஸ் ரிலேக்கு எட்டும்படி குமிழியாக எழுவதற்கு முன்பே, மிகச் சிறிய அளவில் வாயு எண்ணெயில் கரைந்து நிற்கிறது. ஹைட்ரஜன் மிகுந்தால் நுண்ணிய மின்கசிவையும், எத்திலீன் மிகுந்தால் கடும் உஷ்ணத்தையும், அசெட்டிலீன் தோன்றினால் மின்பொறியையும், கார்பன் மோனாக்சைடு ஏறினால் காகிதம் வேகிறது என்பதையும் சந்தேகிக்க வேண்டும். மீத்தேன், எத்திலீன், அசெட்டிலீன் ஆகிய மூன்றின் விகிதத்தைக் கொண்டு பழுதின் வகையை ஒரு முக்கோணத்தில் குறித்துக் காட்டும் முறையைக் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மிஷேல் டுவால் 1974-இல் வகுத்தார். உலகெங்கும் அது இன்று வழக்கில் இருக்கிறது. இவ்வாயுக்களை மின்மாற்றியின் பக்கத்திலேயே அளக்கும் கருவிகளின் விலை இலட்சங்களில் செல்லும். பெரிய மின்நிலையங்களுக்கும், நின்றால் ஊரே நின்றுவிடும் மின்மாற்றிகளுக்கும் அச்செலவு தகும். நடுத்தர ஆலையொன்றுக்கு, ஆண்டுக்கு ஒருமுறை காற்றுப் புகாத கண்ணாடி சிரிஞ்சில் எண்ணெய் மாதிரி எடுத்து நல்ல ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதே போதும் என்பது என் எண்ணம். அனுப்பிய பின் வரும் அறிக்கையைப் படிப்பதற்கு ஒருவர் பொறுப்பாக இருக்கவேண்டும்.

அந்தப் பொறுப்பு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை அண்மையில் இங்கிலாந்து கண்டது. 2025-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் தேதி இரவு, மேற்கு இலண்டனில் நார்த் ஹைடு துணைமின் நிலையத்தில் 275 கிலோவோல்ட் மின்மாற்றி ஒன்று தீப்பற்றி எரிந்தது. மறுநாளின் பெரும்பகுதி நேரம் ஹீத்ரோ விமான நிலையம் மூடப்பட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணங்கள் குலைந்தன. அதே ஆண்டு ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கை, அந்த மின்மாற்றியின் தொட்டிச் சுவரின் வழியே மின்கம்பியை வெளியே கொண்டுவரும் புஷ்ஷிங் என்னும் காப்புக் குழல் ஒன்றுக்குள் ஈரம் புகுந்ததே பெரும்பாலும் காரணமாயிருக்க வேண்டும் என்று கூறியதோடு, 2018 ஜூலையில் எடுத்த எண்ணெய் மாதிரியிலேயே ஈரம் மிகுந்திருந்தது காணப்பட்டும் தக்க நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்பதையும் வெளிப்படுத்தியது. பரிசோதனை தன் கடமையைச் செய்துவிட்டது. அதன் சொல் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் காகிதத்தில் கிடந்தது. கருவிக்கு ஆர்டர் எழுதும்போதே, அதன் எச்சரிக்கை எந்த மேஜைக்கு வரும், அந்த மேஜையில் யார் இருப்பார், அவர் என்ன செய்ய அதிகாரம் பெற்றவர் என்பவற்றையும் நிர்வாகம் தீர்மானித்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சரக்கு வந்து சேர்ந்த பின்னும் வாங்குகிறவரின் வேலை முடிவதில்லை. மாதிரிக் கருவியொன்றுக்கு என்றோ நடந்த டைப் டெஸ்ட் சான்றிதழ் வேறு, நம் கையிலுள்ள இந்தக் கருவிக்கே நடந்த ரொட்டீன் டெஸ்ட் சான்றிதழ் வேறு. இரண்டையும் கேட்டு வாங்கி, இரண்டாவதில் அச்சிட்ட சீரியல் எண்ணைக் கருவியின் பெயர்த்தகட்டோடு ஒப்பிட வேண்டும். பழைய கருவிக்குப் புதுப் பெயின்ட் அடித்து விற்பவர்களின் தந்திரம் பெரும்பாலும் இந்த ஒப்பீட்டில் வெளிப்பட்டுவிடும். புக்கோல்ஸ் ரிலேயைப் பொருத்திய பிறகு, குழாய் கன்சர்வேட்டரை நோக்கி மூன்று முதல் ஏழு டிகிரி வரை மேல்நோக்கிச் சரிந்திருக்கிறதா என்றும், பெட்டியின் மேல் வார்த்த அம்புக்குறி அதே திசையைக் காட்டுகிறதா என்றும் பார்த்து, சோதனைத் திருகின் வழியாகச் சைக்கிள் பம்பினால் மெல்லக் காற்றை ஏற்ற வேண்டும். சாளரத்தில் எண்ணெய் கோடு கோடாகத் தாழ்ந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் மிதவை சட்டென்று சாயும். அப்போது கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கவேண்டும். அறையில் இருப்பவர் அதைக் கேட்டதாகச் சொன்ன பிறகே காற்றை வெளியேற்றலாம். எண்ணெய் புதிதாக நிரப்பிய மின்மாற்றியில் முதற் சில நாட்களில் மணி அடித்தால், சிக்கிக்கொண்ட காற்று வெளிவருவதாகவும் இருக்கலாம். ஆயினும் அந்த வாயுவை மாதிரி எடுத்துப் பார்க்காமல் காற்றுதான் என்று முடிவு செய்துவிடக் கூடாது.

இறுதியாக ஒன்று. வண்டியில் வரும்போது குலுங்கிக் கெடாமலிருப்பதற்காக, ரிலேயின் மிதவைகளை நாடாவாலோ ஊசியாலோ கட்டியும், அழுத்த வால்வின் ஸ்பிரிங்கைப் பூட்டுத் தகட்டால் அழுத்தியும் அனுப்புவது வழக்கம். அவற்றை அவிழ்க்க மறந்து மின்சாரம் ஏற்றிவிட்டால், சான்றிதழ்கள் அனைத்தும் சரியாயிருந்தும் கருவிகள் கைகட்டப்பட்டே நிற்கும். ஆகவே அந்த நாடாக்களையும் பூட்டுத் தகடுகளையும் கழற்றியவர், அவற்றை ஸ்டோரில் ஒப்படைத்துப் பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகே சுவிட்சைப் போட அனுமதிப்பது என்ற விதியை ஒவ்வொரு ஆலையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.